‘எங்கடை வரிக்காசு’ என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்து வீதிகளையும் வரியையும் அஸ்வெசும என்ற அரசின் உதவிப் பணத்தையும் பற்றி முகநூலில் எழுதுகிற, வாதாடுகிற அன்பர்களுக்கு,

வணக்கம். நான் கொக்குவிலில் இருக்கிறேன். உயர்தர வகுப்புக்குக் கணக்கீடும் வணிகக் கல்வியும் படிப்பிக்கிறேன். பாடசாலைக்கும் பின்னேர வகுப்புக்கும் சைக்கிளில்தான் போய் வருகிறேன். உங்களில் சிலர் என்னிடம் படித்தவர்கள். சிலர் உறவுக்காரர். பலரை நான் கண்டதே இல்லை. ஆனால் இரவு எட்டு மணிக்குப் பிறகு நீங்கள் எழுதுவதை வாசிக்காமல் நான் படுப்பதில்லை. வாசித்து மனம் நொந்துதான் இந்த மடலை எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னர் ஒரு சின்னப் பதிவு போட்டேன். காலை ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில் பலாலி வீதியில் நின்று பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். வெள்ளைச் சட்டையில் பிள்ளைகள் வரிசையாகச் சைக்கிளில் வருவார்கள். முதுகில் பாரமான புத்தகப் பை. பஸ் ஆள் ஏற்ற ஓரம் கட்டும். பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு போகப் பிள்ளைகள் நடுவீதிக்கு வருவார்கள். பின்னால் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் அடித்தபடி வரும். பாடசாலைகளுக்குப் போகிற பெரிய வீதிகளில் சைக்கிளுக்கென்று ஓரத்தில் ஒரு கோடாவது போட வேண்டும் என்று எழுதினேன். அவ்வளவுதான்.

முதலாவதாக வந்த பதில்: “சைக்கிள்காரர் ஒரு சதம் வரி கட்டுறேல்லை. பிறகென்ன கோடு?” அதற்கு நிறைய விருப்பம் விழுந்தது. அடுத்தவர் எழுதினார்: “கோடும் கேட்பினம், அஸ்வெசுமவும் கேட்பினம். எல்லாம் எங்கடை வரிக்காசு.” அரை மணி நேரத்தில் பிள்ளைகளின் சைக்கிளை எல்லோரும் மறந்துவிட்டார்கள். யார் வரி கட்டுகிறார், யார் சும்மா இருந்து வாங்குகிறார் என்பதே பேச்சாகிவிட்டது. பத்து மணிபோல ஒருவர் ஒரு படத்தைப் போட்டார். வங்கி வாசலில் ஒரு பெண் ஸ்கூட்டியை நிறுத்துகிறாள். முகம் தெளிவாகத் தெரிகிறது. “அஸ்வெசும எடுக்க வந்த மகாராணி” என்று மேலே எழுதியிருந்தது.

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கிறாள். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் வரியைப் பேசுவோம்; அது என் பாடம்.

“எங்கடை வரிக்காசு” என்று எழுதுகிற பலர் மாதச் சம்பளக்காரர். உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. 2019 டிசம்பரில் வற் வரியை, அதாவது பொருள்களின் விலையோடு சேர்த்து வாங்குகிற பெறுமதிசேர் வரியை, 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தார்கள். வருமான வரி கட்ட வேண்டியவர்களின் எல்லையையும் மேலே தூக்கினார்கள். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கையை விரித்தது. பிறகு வற் 12, 15 என்று ஏறி 2024 ஜனவரியில் 18 வீதமாயிற்று. 2023 தொடக்கத்திலிருந்து மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் சம்பளம் எடுத்தவர்களிடம் வருமான வரி வெட்டினார்கள். விலைவாசி தலைக்கு மேல் போயிருந்த காலம் அது. வைத்தியர்களும் பல்கலைக்கழக விரிவுரையாளர்களும் வீதிக்கு இறங்கினார்கள். யாரோ எடுத்த முடிவுக்கு நாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதை எழுதுங்கள், இன்னும் உரக்க எழுதுங்கள்.

ஆனால் சம்பளத் துண்டில் தெரிகிற வரி மட்டுமே வரி என்று நினைக்கிற இடத்தில் பிழை தொடங்குகிறது. வகுப்பில் பலகையில் போடுகிற கணக்கை இங்கேயும் போடுகிறேன், பொறுமையாகப் பாருங்கள். 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 150,000 ரூபா வரை வருமான வரி இல்லை. மாதம் 200,000 ரூபா சம்பளம் எடுக்கிறவருக்கு மிஞ்சிய 50,000 ரூபாவுக்கு 6 வீதம், அதாவது 3,000 ரூபா வெட்டுவார்கள். இப்போது வருமான வரியே கட்டாத ஒரு குடும்பத்தை எடுங்கள். சவர்க்காரம், பற்பசை, பிஸ்கட், மின்குமிழ், பிள்ளைக்குச் சப்பாத்து, கைப்பேசிக்கு ரீலோட் என்று வற் சேர்ந்த சாமான்களுக்கு மாதம் 20,000 ரூபா செலவழிக்கிறது என்று வையுங்கள். 118 ரூபாவில் 18 ரூபா வரி. அந்தக் கணக்குப்படி 20,000 ரூபாவில் 3,050 ரூபா வரி.

மூவாயிரம் இங்கே, மூவாயிரத்து ஐம்பது அங்கே.

நான் இதைக் காட்டி யாரையும் மடக்க வரவில்லை. 200,000 எடுப்பவரும் கடைக்குப் போகிறார், அவரும் வற் கட்டுகிறார், மொத்தமாகப் பார்த்தால் அவர் கட்டுவதே கூட. அரிசி, மரக்கறி போன்றவற்றுக்கு வற் இல்லை என்பதும் உண்மை. ஆனால் “ஒரு சதம் கட்டுறேல்லை” என்ற சொல் இந்தக் கணக்குக்கு முன்னால் நிற்காது. எங்கள் நாட்டு வரி வருமானத்தில் பெரும் பங்கு இப்படிப் பொருள்களின் விலைக்குள் இருந்து வருவதுதான். சின்னக் கடையில் வாங்கினால் பில்லே தரமாட்டார்கள், அதனால் வரி கட்டுகிறோம் என்பதே வாங்கியவருக்குத் தெரியாது. சைக்கிளின் ரயரும் ரியூபும் செயினும் அப்படித்தான். விலைக்குள்ளேயே வரி இருக்கிறது. ஒட்டுப்போட முடியாமல் புது ரியூப் மாற்றுகிற கூலித் தொழிலாளி அதைச் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார். தானும் வரி கட்டுகிறவன் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அதனால்தான் உங்கள் பதிவைப் பார்த்தும் அவர் வாய் திறப்பதில்லை.

“சரி ரீச்சர், வீதிக்கு என்ன கட்டுகினம்?” என்று ஒரு தம்பி கேட்டார். அன்றிரவு வந்தவற்றில் நல்ல கேள்வி அதுதான். மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் ஆண்டுதோறும் வாகன வரிப்பத்திரம் எடுக்கிறோமே, அந்தக் காசு மாகாண சபையின் வருமானம். பெற்றோலில் உள்ள வரி கொழும்பில் திறைசேரிக்குப் போகிறது. கண்டி வீதி போன்ற பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. அதற்கு அடுத்த தரம் மாகாணத்திடம், ஒழுங்கைகள் மாநகர சபையிடமும் பிரதேச சபைகளிடமும். போர் முடிந்த பிறகு பெரிய வீதிகள் பல வெளிநாட்டுக் கடனில் போடப்பட்டவை, அந்தக் கடனை நாடே சேர்ந்து கட்டுகிறது. உங்கள் வரிப்பத்திரத்தின் காசு உங்கள் சில்லுக்குக் கீழே உள்ள தாராக மாறுவதில்லை. ஒழுங்கைக்குக் கல் போடுகிற சபைக்கு நாங்கள் எல்லோரும் கட்டுவது சோலைவரி, அதாவது வீட்டுக்கும் வளவுக்குமான வரி. சைக்கிள் வைத்திருக்கிறவருக்கும் வீடு இருக்கிறது, அவரும் சோலைவரி கட்டுகிறார். தாரை உடைப்பது எது என்று கேட்டால் பாரம்தான். மணல் ஏற்றிப் போகிற ரிப்பர் ஒரு நாளில் செய்வதை எங்கள் ஊர்ச் சைக்கிள்கள் எல்லாம் சேர்ந்து உழக்கினாலும் செய்ய முடியாது.

லண்டனிலிருந்து ஒருவர் “இஞ்சையும் உந்தச் சைக்கிள்காரர் றோட் டாக்ஸ் கட்டுறேல்லை” என்று எழுதியிருந்தார். இங்கிலாந்தில் வீதிக்கென்று ஒதுக்கிவைத்த வரி 1937ஆம் ஆண்டே ஒழிந்துவிட்டது. இன்று அங்கே கார் வைத்திருப்பவர் கட்டுவது வாகனத்தின் மீதான வரி. ஊர்த் தெருக்கள் பொது வரியிலும் கவுன்சில் வரியிலும்தான் பராமரிக்கப்படுகின்றன. இதைப் பதிலாகப் போட்டேன். அவர் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். தம்பி, நீங்கள் இதை வாசித்தால் சொல்லுங்கள்: நான் சொன்னது பிழையா? பிழை என்றால் திருத்திக்கொள்கிறேன். பிழையில்லை என்றால், உங்கள் சொல்லை நம்பி அங்கே விருப்பம் போட்டவர்களுக்கு ஒரு வரி எழுதுவது கடினமா?

எங்கள் ஊரில் சைக்கிளுக்கும் முன்னர் வரி இருந்தது என்பது இளையவர்களுக்குத் தெரியாது. உள்ளூராட்சிச் சட்டங்களில் வாகனங்களுக்கும் விலங்குகளுக்குமான வரி என்று ஒன்று இருக்கிறது. மாட்டு வண்டிக்கும் சைக்கிளுக்கும் அதில் இடம் உண்டு. சில ரூபாய்தான். அப்பா ஆண்டுதோறும் சைக்கிளுக்கு லைசென்ஸ் எடுத்த கதையைச் சொல்லுவார். மீண்டும் அப்படி ஒன்று வாங்கலாம் என்று நீங்கள் நினைத்தால் அதையும் பேசலாம். வசூலிக்கிற செலவு வசூலைவிடக் கூடும் என்பது என் எண்ணம். ஆனால் அது பேசக்கூடிய விஷயம். “வரி கட்டாதவன் வாயை மூடு” என்பது பேச்சே இல்லை.

இந்த ஊரில் சைக்கிளை இளக்காரமாகப் பேசுவது எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றும் சொல்ல வேண்டும். 1990இல் போரின் நடுவே எங்கள் பகுதிக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டோம். விறகும் நெல்லும் நோயாளியும் பிரேதமும் சைக்கிளில் போன காலம் அது. பெண் பிள்ளைகள் சைக்கிள் உழக்குவது யாருக்கும் புதினமாக இல்லாமல் போனதும் அந்தக் காலத்தில்தான். 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, எனக்குப் பதினாறு வயது. அம்மம்மாவைக் கரியரில் இருத்தி, ஹாண்டிலில் ஒரு பை, பாரில் ஒரு பை, மழையில் நாவற்குழிப் பாலம் வரை தள்ளிக்கொண்டு போனேன். உழக்க இடமில்லை, அவ்வளவு சனம். அன்று அந்தச் சைக்கிள் இல்லாவிட்டால் அம்மம்மாவை எங்கே விட்டிருப்பேன் என்று இன்றும் நினைப்பேன். 2022இல் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவாகி, கியூஆர் அட்டையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று அளந்து கொடுத்தபோது, வீட்டுக் கோடிக்குள் கிடந்த சைக்கிள்களை எல்லோரும் தூசி தட்டி எடுத்தீர்கள். இவ்வளவு விரைவில் அது மறந்துபோகுமா?

இனி அந்தப் பெண். இதையெல்லாம் எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். எழுதுங்கோ அக்கா, பேரைப் போடாதேங்கோ என்றாள். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். விடிய மூன்று மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். ஸ்கூட்டி அவளுடைய தம்பியுடையது. அன்று மகனுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வங்கிக்கு வந்திருக்கிறாள். 2023 ஜூலையில் அஸ்வெசும தொடங்கியபோது முதல் பட்டியலில் அவள் பெயர் இல்லை. மேன்முறையீடு செய்து அலைந்து பிறகுதான் கிடைத்தது. அப்போது அவளுடைய பிரிவுக்கு 8,500 ரூபா. 2025 ஜனவரியிலிருந்து 10,000. ஒரு நாளைக்கு 333 ரூபா, மூன்று பேருக்கு. அந்தப் பத்தாயிரத்தையும் வற் உள்ள சாமானுக்கே செலவழித்தால் அதில் 1,525 ரூபா திரும்ப அரசிடமே போய்விடும்.

இந்த விளக்கத்தை நான் எழுதியிருக்கக் கூடாது என்றும் தோன்றுகிறது. ஸ்கூட்டி அவளுடையதாகவே இருந்தால் என்ன? தவணைக் காசில் எடுத்த பழைய ஸ்கூட்டியில் இடியப்பம் கொண்டுபோகிறவர்கள் எங்கள் ஊரில் இல்லையா? யாருக்குக் கொடுப்பது என்று பார்க்கக் கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று ஆறு தலைப்புகளில் 22 குறிகாட்டிகளை வைத்திருக்கிறார்கள். அந்த 22ஐயும் ஒரு கைப்பேசிப் படத்தில் பார்த்துவிட முடியுமா?

அந்தக் குறிகாட்டிகளில் எனக்கும் குறை உண்டு. போருக்குப் பிறகு இந்திய அரசின் உதவியில் வந்த வீட்டுத் திட்டத்தில் 550,000 ரூபா மானியத்தில் கட்டிய வீடுகளைப் பாருங்கள். வெளியில் கல்வீடு, உள்ளே பூச்சு இல்லை, அடுப்பில் நெருப்பில்லை. வீட்டைப் பார்த்து ஆளை எடை போட்டால் போர் தின்ற குடும்பங்கள் தப்பான பக்கம் விழும். வெளிநாட்டில் சொந்தம் இருக்கிறது என்பதற்காக மாதாமாதம் காசு வருகிறது என்று நினைப்பதும் அப்படித்தான். அதேபோல, தேவையில்லாதவர்கள் வாங்குகிறார்கள் என்று நீங்கள் சொல்வதும் பொய்யில்லை. எனக்கே இரண்டு குடும்பம் தெரியும். ஆனால் அதற்கு ஒரு வழி இருக்கிறது. பெயர்ப் பட்டியலை ஒட்டி ஆட்சேபனை கேட்டார்கள், பிரதேச செயலகத்தில் எழுத்தில் கொடுக்கலாம், கிராம உத்தியோகத்தரிடம் சொல்லலாம். அங்கே கொடுத்தால் கொடுத்தவர் தன் சொல்லுக்குப் பொறுப்பு. மற்றவருக்கும் பதில் சொல்ல இடம் கிடைக்கும். முகநூலில் அந்தப் பெண்ணுக்கு என்ன இடம் இருந்தது? அவளுக்கு முகநூல் கணக்கே இல்லை. படத்தை அவள் பார்த்தது மகளின் கைப்பேசியில். மகளுக்கு அதை அனுப்பியது வகுப்புத் தோழி. அந்தப் பிள்ளை ஒரு கிழமை ரியூசனுக்குப் போகவில்லை. மகன் கேட்டானாம்: “அம்மா, உந்தக் காசை நாங்கள் வேண்டாமெண்டு சொல்லுவமா?”

நானும் பிழை விட்டிருக்கிறேன், அதையும் சொல்ல வேண்டும். அன்றைய வாக்குவாதத்தில் விபத்துக்கெல்லாம் மோட்டார் வாகனக்காரரே காரணம் என்பதுபோல நான் எழுதினேன். முன்னர் என்னிடம் படித்து இப்போது ஓட்டோ ஓடுகிற ஒரு தம்பி தனிச் செய்தியில் எழுதினார். “ரீச்சர், இரவு ஏழு மணிக்குக் கே.கே.எஸ். வீதியில முன்னுக்கு வாற வாகனத்தின்ரை வெளிச்சம் கண்ணில அடிக்கேக்கை, லைற் இல்லாத சைக்கிள் எனக்கு பத்தடிக்குள்ள வந்தாப்பிறகுதான் தெரியும். பிறேக் பிடிச்சால் பின்னால வாறவன் என்னில ஏறுவான். எனக்கும் பிள்ளை இருக்கு. ஒருநாள் என்ரை ஓட்டோவில ஏறிப் பாருங்கோ.”

ஏறிப் பார்த்தேன். சுன்னாகம் வரை போய்த் திரும்பினோம். போகும்போதே மூன்று தரம் நெஞ்சு பதறியது. கறுத்தச் சட்டை, லைற் இல்லை, பின்னால் சிவப்புத் தெறிப்பான் இல்லை, ஒருவர் எதிர்ப்பக்கத்தால் வருகிறார். சைக்கிளுக்கு இரவில் லைற் வேண்டும் என்பது சட்டம், அந்தக் காலத்தில் பொலிஸ் மறித்துத் தண்டம் எழுதும். அடுத்த நாளே என் சைக்கிளுக்கு முன் லைற்றும் பின் தெறிப்பானும் பூட்டினேன். என் பதிவையும் திருத்தி, யார் சொல்லித் திருத்தினேன் என்று அவருடைய சம்மதத்தோடு எழுதினேன். பின்னேர வகுப்புக்கு வருகிற பிள்ளைகளின் சைக்கிள்களை இப்போது வாசலில் நின்று பார்க்கிறேன். லைற் இல்லாதவர்களை இருட்ட முன்னர் அனுப்பிவிடுகிறேன். அந்தத் தம்பியும் இப்போது கோடு வேண்டும் என்கிறார், தனக்கும் அது நல்லது என்று.

அவர் ஒரு தரமும் என்னை ஏசவில்லை. தான் இருக்கிற இடத்திலிருந்து என்ன தெரிகிறது என்று சொன்னார், வந்து பார் என்று கூப்பிட்டார். நான் இதையே உங்களிடம் கேட்கிறேன். எந்த வரி, எத்தனை வீதம், யார் கட்டுகிறார், எங்கே போகிறது என்று எழுதுங்கள். தெரியாவிட்டால் கேளுங்கள். கணக்கு என்றால் என்னிடம் கேளுங்கள், நேரம் எடுத்துப் போட்டுத் தருகிறேன். அரசைத் திட்டுங்கள், சபையைத் திட்டுங்கள், எனக்கும் திட்ட நிறைய இருக்கிறது. எதிர்க்கருத்துச் சொல்கிறவரை “உவை” என்று ஒரு கூட்டமாக்காதீர்கள். இந்தச் சின்ன ஊரில் நாளைக்குச் சந்தையில் எதிரே வருவது அவர்தான். ஆளில்லாத இடத்தில் ஆளின் முகத்தைப் போட்டு வாதாடாதீர்கள்.

பக்கங்களை நடத்துகிறவர்களுக்கு ஒன்று. நீங்கள் அந்தப் படத்தை எடுத்துப் பகிர்ந்தபோது கீழே என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் தொலைந்த பிள்ளையைக் கண்டுபிடிக்க உங்கள் பக்கங்கள் உதவியதை நான் பார்த்திருக்கிறேன். அவ்வளவு பேர் உங்களை நம்பி வாசிக்கிறார்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

அந்தப் படம் இன்னமும் இருக்கிறது. நேற்று இரவும் பார்த்தேன், கீழே புதிதாக இருவர் எழுதியிருக்கிறார்கள். இன்றே அதை எடுத்துவிடுங்கள். பகிர்ந்தவர்களும் எடுத்துவிடுங்கள். கோட்டைப் பற்றி நாளைக்கும் வாதாடலாம். நான் காலை ஏழு மணிக்குப் பலாலி வீதியால்தான் போவேன், மறித்துக் கேட்டாலும் நின்று பேசுவேன்.

அன்புடன்,
கொக்குவிலிலிருந்து ஒரு ஆசிரியை